வாசற்படிக்கு வெளியே உள்ள ஹக்கு

மனிதன் தன் வீட்டுக்குள் செய்யும் செலவைக் குறைத்துக்கொள்ள விரும்புவதில்லை. கூடத்துக்குச் சாயம் பூசுகிறான்; அடுப்படிக்கு வழவழப்பான கல் பதிக்கிறான்; மகளின் கலியாணத்துக்கென்று வாசற்கதவையே மாற்றுகிறான். அதே மனிதனிடம் வாசற்படிக்கு வெளியே இருக்கும் மாடிப்படிக்கு ஒரு விளக்குப் போட வேண்டும், உன் பங்கைக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுருங்குகிறது. "போன மாதம்தானே கொடுத்தேன்?" என்கிறான். வாசற்படிக்கு உள்ளே இருப்பது என்னுடையது, வெளியே இருப்பது யாருடையதோ என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

இந்த எண்ணம் சரிதானா? வெளியே இருப்பதில் நமக்குப் பங்கு இல்லையா? பங்கு உண்டென்றால் அதன் பராமரிப்புக்குக் கொடுக்கும் பணம் தர்மமா, கடனா? கொடுக்க மறுப்பவரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? நம் குடும்பங்கள் இன்று நின்று சிந்திக்க வேண்டிய கேள்விகள் இவை.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. தனி வீடும் முற்றமுமாக வாழ்ந்து பழகிய நம் பகுதிகளிலும் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. குற்றாலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். அந்த நாட்களில் வந்து தங்குவதற்கென்றே வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்போர் வீடு வாங்கிப் போடுகின்றனர். அடுக்குமாடி வீடு என்றால் உரிமையாளர் சங்கம் உண்டு. சங்கம் என்றால் மாதச் சந்தா உண்டு. மெயின்டனன்ஸ் என்ற பெயரில் எல்லோர் வாயிலும் புழங்குகின்ற இந்தச் சந்தாவைப் பற்றி எழும் சண்டைகளோ ஏராளம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் யாரும் இதைப் பற்றி விசாரிப்பதில்லை. குடிவந்த மறுமாதம் ரசீதைப் பார்த்ததும்தான், "இது எதற்கு?" என்ற கேள்வி பிறக்கிறது.

சந்தா எதற்கு?

அடுக்குமாடியில் வீடு வாங்கும்போது நாம் இரண்டு பொருள்களை வாங்குகிறோம். ஒன்று, நான்கு சுவர்களுக்குள் இருக்கும் வீடு. மற்றொன்று, அந்தக் கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒரு பிரிபடாத பாகம். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் என்று எழுதியிருக்கும். "இந்த மூலைதான் என் பாகம்" என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, மோட்டார், லிப்ட், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகிய யாவும் எல்லோருக்கும் கூட்டாக உரியவை. மார்க்கச் சட்ட நூல்கள் ஷிர்கத் என்று பேசும் கூட்டுடைமை இதுவே.

சந்தா இந்தக் கூட்டுடைமைக்காகச் செலவாகிறது. காவலாளியின் சம்பளம், பெருக்கித் துடைப்பவருக்குக் கூலி, பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டருக்கு டீசல், தண்ணீர்த் தொட்டி கழுவுதல், கழிவுநீர்த் தொட்டி வாருதல், சில்லறைப் பழுதுகள் ஆகியவை மாதாந்தரச் செலவுகள். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிப்புறம் முழுவதற்கும் சாயம் பூச வேண்டும். மொட்டைமாடியில் நீர் கசியாதபடி பூச்சுப் பூச வேண்டும். மோட்டாரை மாற்ற வேண்டும். அன்றைக்குத் திடீரென்று ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டால் எல்லோராலும் கொடுக்க முடியாது. ஆகவே மாதந்தோறும் சிறிது ஒதுக்கிச் சேமநிதியாக வைக்கின்றனர். குற்றாலச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் மாறி மாறிக் கொட்டும் நம் பகுதியில் மொட்டைமாடிப் பூச்சை அலட்சியம் செய்த கட்டடம் நெடுநாள் தாங்காது.

வீட்டுக்குள்ளே குழாய் உடைந்தாலும், நம் வீட்டு மீட்டரில் ஓடிய மின்சாரத்துக்கும், உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரிக்கும் சந்தாவில் இடமில்லை. அவை நம் சொந்தப் பொறுப்பு. புதுக் கட்டடத்தில் கட்டுமானக் குறை தெரிந்தால் அதையும் சந்தாவிலிருந்து சரிசெய்யத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்துதர வேண்டும். அதே சட்டம்தான் வீடு வாங்கியவர் பராமரிப்புச் செலவில் தம் பங்கைச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்றும் சொல்கிறது. தமிழகத்தில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி வீட்டுரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் சங்கம் அமைத்துப் பதிவு செய்து பொது இடங்களைப் பேணுவது அதன்படி நடக்க வேண்டிய காரியம்.

இது புதிய வழக்கமன்று

"அந்தக் காலத்தில் இப்படி வசூல் உண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. வசூல் அன்றும் இருந்தது, பெயர்தான் வேறு. சிற்றாற்றின் அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் பாய்ந்த தண்ணீரை நம்பி வாழ்ந்த நாடு இது. குளத்தில் தூர் வாரவும், கால்வாயில் செடிகொடி அறுக்கவும், கரை உடைந்தால் அடைக்கவும் நிலத்துக்காரர்கள் ஆள் அனுப்பிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அது தளர்ந்தபோது 1858இல் சென்னை அரசு சட்டமே போட வேண்டியதாயிற்று. அதே பெயரில் 2017இல் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவருக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்தார்கள். அந்த நெல் பிச்சையாகக் கொடுக்கப்பட்டதன்று. அவர் வேலைக்கு ஊர் செலுத்திய கூலி.

தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு கல்வெட்டை விட்டுச் சென்றான். பிற்காலத்தில் இக்கட்டடத்துக்குக் குறை ஏதும் நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரை இப்போதே நான் பணிகிறேன் என்பது அதன் கருத்து. அரசன் அவன், கட்டுவதற்குப் பொருள் இருந்தது, ஆளும் இருந்தது. ஆனால் கட்டியதைக் காப்பது பின்னால் வருபவர் கையில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் எழுப்பிய கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990இல்தான் அது மறுபடி முழுமை பெற்றது. நம் மார்க்கம் வேறு, அவன் மார்க்கம் வேறு. ஆயினும் கட்டுவது ஒரு பொறுப்பு, காப்பது மற்றொரு பொறுப்பு என்ற உண்மை எல்லோர்க்கும் ஒன்றுதான்.

நம்மிடத்தில் இதற்கு மிக அண்மையான உதாரணம் மஹல்லா ஜமாஅத். தென்காசியிலும் கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் வடகரையிலும் வாழும் முஸ்லிம்களுக்குத் தலைக்கட்டு வரி என்றால் விளக்கம் வேண்டியதில்லை. இமாமின் சம்பளம், மோதினாரின் சம்பளம், ஹவுளுக்குத் தண்ணீர், பள்ளிவாசலின் மின் கட்டணம், மையவாடியின் சுற்றுச்சுவர் என எல்லாவற்றுக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பழகியவர்கள் நாம். பள்ளிக்கு நான் வெள்ளிக்கிழமை மட்டும்தானே போகிறேன், வரியில் ஏழில் ஒரு பங்குதான் தருவேன் என்று யாராவது சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் அடுக்குமாடிச் சங்கத்தில் இதே கணக்கைச் சொல்ல நாம் கூசுவதில்லை.

தர்மமா, கடனா?

சந்தாவைத் தர்மம் என்று நினைப்பவர் அதைத் தம் மனநிலைக்கு ஏற்பக் கொடுக்கிறார். செயலாளரோடு மனஸ்தாபம் என்றால் நிறுத்திவிடுகிறார். மகன் பணம் அனுப்பினால் கொடுக்கிறார். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். தர்மம் நம் விருப்பம். கடனோ பிறருடைய ஹக்கு.

வீடு வாங்கும்போது சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்று கையெழுத்திட்டிருக்கிறோம். செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் சூரத்துல் மாயிதா தொடங்குகிறது. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும், வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் போதனைகள். ஆகவே விதிப்படி தீர்மானிக்கப்பட்ட சந்தா நம் கழுத்தில் ஏறிய கடன். அதைத் தராமல் இருப்பவர் சங்கம் என்ற பெயர்ப்பலகைக்குக் கடன்படவில்லை. தம் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கே கடன்படுகிறார். காவலாளியின் சம்பளம் பத்து நாள் தாமதமானால், அந்த ஏழையின் வியர்வைக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹதீது நூல்களில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் கப்பல் உவமை நாம் அடிக்கடி கேட்டதுதான். ஒரு கப்பலில் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொண்டவர்களில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீர் எடுக்க மேலே உள்ளவர்களைக் கடந்து போகவேண்டியிருந்தது. எங்கள் பங்கில் நாங்களே ஒரு துளை போட்டுக்கொள்கிறோமே என்று எண்ணினார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

இந்த உவமையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இடம் தனித்தனி, ஆனால் அடிப்பலகை ஒன்று என்பது முதல் பாடம். "என் பங்கில்தானே" என்ற சொல் கப்பலில் செல்லாது; அடுக்குமாடியிலும் செல்லாது. இரண்டாவது பாடத்தை நாம் கவனிப்பதில்லை. கீழே இருந்தவர்கள் கெட்டவர்களாக இருந்ததால் துளையிட நினைக்கவில்லை. தண்ணீருக்கு ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி மற்றவரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது என்பதே அவர்களின் குறை. கலகம் செய்பவரின் கையைப் பிடிக்கும் முன் அவருடைய நியாயமான குறை என்ன என்று கேட்பது மேல்தட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு, அழகல்லவா?

பங்கிடுவது எப்படி?

ஒரு கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு கட்டடம். ஆறு வீடுகள் 800 சதுர அடி, ஆறு வீடுகள் 1,200 சதுர அடி. மாதச் செலவும் சேமநிதியும் சேர்ந்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 2,000 ரூபாய். சதுர அடிக்கு 2 ரூபாய் என்று பிரித்தால் சிறிய வீட்டுக்கு 1,600, பெரிய வீட்டுக்கு 2,400. இரண்டில் எது நீதி?

ஃபிக்ஹு சட்ட விதிகளில் ஒன்று, ஆதாயம் யாருக்கோ சுமையும் அவருக்கே என்பது. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபின்படி தொகுத்து வெளியிடப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றிருக்கிறது. கூட்டுப் பொருள் பழுதானால் பங்காளிகள் தத்தம் பங்கின் அளவுக்குச் செலவைச் சுமக்க வேண்டும் என்கிறது அது. இதன்படி பார்த்தால் மொட்டைமாடிப் பூச்சும் வெளிச்சாயமும் சொத்தைக் காப்பவை. அவற்றைப் பங்கின் அளவுப்படி பிரிப்பதே முறை. காவலாளியோ சிறிய வீட்டையும் பெரிய வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறார். அந்தச் செலவைச் சமமாகப் பிரித்தாலும் குற்றமில்லை. எந்த முறையானாலும் எல்லோரும் கூடிப் பேசி, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தே நமக்குக் கட்டளையிடவில்லையா?

"நான் கீழ்வீட்டுக்காரன் பாய், லிப்டில் காலே வைப்பதில்லை. எனக்கு எதற்கு லிப்ட் செலவு?" என்று கேட்பவருக்கு என்ன பதில்? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. லிப்ட் ஓடும் மின்சாரத்தைப் பயன்படுத்துவோர் மட்டும் ஏற்பது என்று சங்கம் முடிவெடுத்தால் அது நீதிக்கு முரணாகாது. ஆனால் அவர் இதே தர்க்கத்தைத் தொடர்ந்தால், மேல்வீட்டுக்காரர் அஸ்திவாரத்தில் விரிசல் கண்டால் அது உங்கள் தரைக்குக் கீழே உள்ளது என்பார். கீழ்வீட்டுக்காரர் மொட்டைமாடி ஒழுகினால் அது உங்கள் தலைக்கு மேலே உள்ளது என்பார். மேல்மாடிக்குக் கீழ்மாடி தாங்குதல் என்ற உரிமையையும், கீழ்மாடிக்கு மேல்மாடி வெயில் மழையிலிருந்து நிழல் என்ற உரிமையையும் தரக் கடமைப்பட்டவை என்கிறது மஜல்லா. ஒருவர் மற்றவருக்குத் தரையாகவும் கூரையாகவும் இருக்கிறார். அடுக்குமாடி வாழ்க்கைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு என்ன இருக்க முடியும்?

குற்றாலத்துக் கேள்வி வேறு விதமானது. "ஆண்டில் பதினைந்து நாள் சாரலுக்கு வந்து போகிறோம். மீதி நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முழுச் சந்தா ஏன்?" என்கிறார்கள். மழை பூட்டிய வீடு, திறந்த வீடு என்று பார்த்துப் பெய்வதில்லை. காவலாளி கூடுதலாகக் கண் வைக்க வேண்டியதும் பூட்டிய வீட்டின் மேல்தான். ஆகவே கட்டடத்தைக் காக்கும் செலவில் அவருக்கு விலக்கில்லை. தண்ணீர், குப்பை போன்ற புழக்கச் செலவில் சலுகை கேட்டால் அதைத் தருவது நியாயம். அந்த வீட்டையே அவர் சாரல் காலத்தில் நாள் வாடகைக்கு விட்டால் நிலைமை தலைகீழாகிறது. வாரத்துக்கொரு புதுக் கூட்டம் வந்து இறங்குகிறது; தண்ணீரும் குப்பையும் சத்தமும் கூடுகின்றன. வாடகை அவர் கைக்கும் தொந்தரவு மற்றவர்கள் தலைக்கும் என்றால், ஆதாயத்தோடு சுமையும் போகும் என்ற விதி என்னவாயிற்று? அவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் அண்டை வீட்டாரின் சம்மதத்தைப் பெற வேண்டும்.

கொடுக்காதவரை என்ன செய்வது?

கடினமான கேள்வி இதுதான். பொதுச் சுவர் இடிந்தால் கட்டுவதற்குப் பங்காளியை நிர்ப்பந்திக்கலாமா என்பதில் நம் இமாம்களே நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய சொல்படி நிர்ப்பந்திக்க இயலாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் காண்கிறோம். ஹனபிச் சட்டத்தைத் தொகுத்த மஜல்லாவோ, கீழ்வீட்டுக்காரர் கட்ட மறுத்தால் மேல்வீட்டுக்காரர் நீதிபதியின் அனுமதி பெற்றுக் கட்டிக்கொண்டு, செலவில் உரிய பங்கைத் தரும்வரை அவர் அதை அனுபவிக்காமல் தடுக்கலாம் என்கிறது. ஆனால் நம் காலத்துச் சங்கத்தில் வீடு வாங்கியவர் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டவர். ஆகவே கேட்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. அந்த உரிமைக்கு எல்லை எது என்பதே கேள்வி.

முதலில், முடியாதவரையும் மனமில்லாதவரையும் ஒன்றாக நிறுத்தக்கூடாது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேலானது என்றும் சூரத்துல் பகராவில் அல்லாஹ் கூறுகிறான். கணவர் மௌத்தான பின் வீடு மட்டும் மிஞ்சி, வருமானம் இல்லாமல் நிற்கும் ஒரு சகோதரியின் பெயரை அறிவிப்புப் பலகையில் பாக்கிதாரர் என்று எழுதிப் போடுவது பணத்தையும் கொண்டுவராது, பரக்கத்தையும் கொண்டுவராது. அவர் ஸகாத் பெறத் தகுதியுள்ளவரானால் வசதியுள்ள அண்டை வீட்டார் ஸகாத்தை அவர் கையிலேயே இரகசியமாகக் கொடுக்கட்டும். அவர் தம் சந்தாவைத் தாமே கௌரவமாகக் கட்டுவார். ஸகாத் பணத்தை நேரே கட்டடப் பழுதுக்குச் செலவிடலாகாது. அது ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டிய ஹக்கு.

அடுத்து, வசதியிருந்தும் கொடுக்காதவர். சிலர் அவருடைய தண்ணீர்க் குழாயை அடைக்கச் சொல்கின்றனர். தண்ணீரைத் தடுப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். பாக்கி வைத்தவர் குடும்பத்தலைவர்; தாகத்தில் தவிப்பதோ அவர் வீட்டுக் குழந்தையும் படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய உம்மாவும். ஒருவர் குற்றத்தை மற்றவர் மேல் ஏற்றுவதை எந்த நீதியும் ஒப்பாது. நேரில் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம், பெரியவர்களை வைத்துப் பேசலாம், அதற்கும் பலனில்லாவிட்டால் சட்டப்படி போகலாம். உயிருக்கு அவசியமானதைப் பிணையாகப் பிடித்து வைக்கலாகாது.

இதைச் சொல்லும்போது நம் ஜமாஅத்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வரி பாக்கி உள்ள வீட்டில் மௌத்து ஏற்பட்டால், "முதலில் பாக்கியைத் தீருங்கள், பிறகு மையவாடியில் குழி வெட்டலாம்" என்று சொல்லும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால் அது நியாயமா? கடனை மார்க்கம் இலேசாக எண்ணவில்லை. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல், உங்கள் தோழருக்காக நீங்கள் தொழுங்கள் என்றார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போதும் தொழுகை தடுக்கப்படவில்லை, அடக்கம் தடுக்கப்படவில்லை. கடனின் பாரம் ஊருக்கு உணர்த்தப்பட்டது. ஊரில் ஒருவர் முன்வந்து அதைச் சுமந்தார். பிற்காலத்தில் வசதி வந்தபோது, கடனோடு இறப்பவரின் கடனை நாயகம் (ஸல்) அவர்களே ஏற்றார்கள். மையித்தை அடக்குவது ஊரார் எல்லோர் மேலும் உள்ள பர்ளு கிபாயா. வரி பாக்கியோ வாரிசுகளிடம் பின்னர் கேட்டுப் பெறவேண்டிய கடன். இவ்விரண்டையும் முடிச்சுப் போடும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் இல்லை.

தாமதத்துக்கு மாதம் இத்தனை சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் அபராதமும் நமக்கு ஆகாது. அதற்கு என்ன பெயர் வைத்தாலும், கடனுக்குத் தவணை நீள நீளத் தொகை வளர்வது வட்டியின் சாயல்தான். நம்மவர்கள் மட்டும் வாழும் கட்டடமானால் இதை எளிதில் தவிர்க்கலாம். பிற சமயத்தவரோடு சேர்ந்து வாழும் இடத்தில், மாதத் தொடக்கத்தில் கட்டுபவருக்குச் சிறு தள்ளுபடி என்ற யோசனையை அன்போடு முன்வைக்கலாம். அபராதமே வராதபடி நாள் தவறாமல் கட்டுவது எல்லாவற்றிலும் சிறந்த வழி.

வசூலிப்பவரின் பொறுப்பு

கொடுப்பவரைப் பற்றியே பேசிவிட்டு வாங்குபவரை விட்டுவிடுவது நீதியாகாது. சங்கத்தின் பணம் அமானிதம். சாயம் பூசுபவரிடமும் லிப்ட் கம்பெனிக்காரரிடமும் செயலாளர் அன்பளிப்பு வாங்கினால் அது அன்பளிப்பா? ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். செயலாளர், பொருளாளர், முதவல்லி ஆகிய எல்லோரும் ஒவ்வொரு ரசீதிலும் கையெழுத்திடும்போது அந்தக் கேள்வியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாதந்தோறும் வரவு செலவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யுங்கள். பல சமயத்தார் வாழும் கட்டடத்தில் எந்தச் சமயத்தின் பண்டிகைக்கும் பொதுப் பணத்தைத் தொடாதீர்கள்; நம் இஃப்தார் விருந்துக்கும் அதுதான் சட்டம். விரும்புகிறவர்கள் தனியே வசூலித்துக்கொள்ளட்டும். கணக்குக் கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். கணக்குக் காட்டாத இடத்தில்தான் சந்தா நிற்கிறது. அதே சமயம், கணக்கில் சந்தேகம் இருக்கிறது என்ற சாக்கில் சந்தாவை நிறுத்துவதும் தவறு. கணக்கைக் கேட்பது நம் உரிமை. பங்கைக் கொடுப்பது நம் கடமை. ஒன்று கிடைக்கவில்லை என்று மற்றொன்றை விட்டால், முதலில் இருட்டாவது எல்லோரும் ஏறி இறங்கும் படிக்கட்டு.

பணத்தால் மட்டும் தீராத பங்கும் ஒன்று உண்டு. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மதரஸாவில் நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். அடுக்குமாடியில் அந்தப் பாதை எது? மாடிப்படிதான். அதில் செருப்பையும் சைக்கிளையும் பழைய பாத்திரத்தையும் குவித்துவிட்டு மாதச் சந்தாவை ஒழுங்காகக் கட்டினால் பாதி ஹக்குத்தான் நிறைவேறியது.

வீட்டின் அளவு பத்திரத்தில் சதுர அடியில் எழுதப்பட்டிருக்கிறது. வாசற்படியோடு அது முடிகிறது. பொறுப்பின் எல்லை அங்கே முடிவதில்லை. நாளை அல்லாஹ்வின் சந்நிதியில் நம் வீட்டுக்குள் எவ்வளவு அழகாக வாழ்ந்தோம் என்பதோடு, நம் சுவருக்கு அப்பால் இருந்தவர் நம்மால் நிம்மதியாக இருந்தாரா என்றும் கேட்கப்படுவோம். இந்த மாத ரசீதை எடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். பொறுப்பில் இருப்பவரானால், கொடுக்க முடியாமல் மௌனமாக இருக்கும் ஒரு வீட்டின் கதவை வசூல் நோட்டு இல்லாமல் ஒருமுறை தட்டுங்கள்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மைத் தன் முன் நிறுத்தாமல், ஒருவருக்கொருவர் தரையாகவும் கூரையாகவும் வாழும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.